கயிறு கட்டுவதற்கு முன் மண்வெட்டி எடுங்கள்
சேற்றில் புதைந்த வண்டியை ஆபத்தில்லாமல் இழுப்பது எப்படி?

என் மச்சானுக்கு இடது முழங்காலுக்குக் கீழே இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். மழை வரும்போதெல்லாம் அந்த இடம் வலிக்கும். வானிலை அறிக்கைக்கு முன்னாடியே "மழை வருது மாமா"ன்னு சொல்லிடுவான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்வான். எனக்குச் சிரிப்பு வராது. அந்தக் காலை உடைத்த கொக்கியை மாட்டினவன் நான்.

மூங்கில்துறைப்பட்டில் தென்பெண்ணை ஆற்றோரம் எங்கள் நிலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது நினைவிருக்கும். அந்த மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் ஆற்றில் வந்தது. எங்கள் கொல்லைக்குள் புகுந்த வெள்ளம் வடிந்தபோது ஒரு முழம் வண்டலை விட்டுப் போனது. ஒரு மாதம் கழித்து மேல்மண் பாலாடை மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. கால் வைத்தால் தாங்கியது. கரும்பை வெட்டி ஏற்றி டிராக்டரை நகர்த்தினால், இருபதடி போவதற்குள் டிரெய்லர் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. ஆடைக்குக் கீழே அத்தனையும் உளை.

பக்கத்துக் கொல்லைக்காரர் தன் டிராக்டரோடு வந்தார். என்னிடம் ஒரு பழைய நைலான் கயிறு இருந்தது. அதன் ஒரு முனையை அவர் வண்டியில் கட்டினோம். மறுமுனையில் பட்டறையில் பற்றவைத்து வாங்கிய கொக்கி. அதை எங்கள் டிராக்டரின் முன்பக்கம் மாட்டினேன். மூன்று தடவை குலுக்கி இழுத்தார். நான்காவது தடவை பின்னால் வந்து, கயிற்றைத் தொய்ய விட்டு, ஓட்டத்தோடு இழுத்தார். "டப்"பென்று ஒரு சத்தம். பற்று விட்ட கொக்கி கயிற்றோடு பறந்தது. ஓரமாக நின்று "இழு, இழு"ன்னு கை காட்டிக்கொண்டிருந்த மச்சான் விழுந்து கிடந்தான். கொக்கி எப்போது வந்தது என்று நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். தேடிப் படித்தேன். நாங்கள் செய்தது அத்தனையும் தப்பு. ஆனால் அத்தனையும் எல்லா ஊரிலும் எல்லாரும் செய்வது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

புதைந்த வண்டியை வெளியே எடுக்க எவ்வளவு இழுவை வேண்டும்? ராணுவத்தில் வண்டி மீட்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. டயர் அளவுக்குப் புதைந்திருந்தால் வண்டியின் மொத்த எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரை இறங்கியிருந்தால் எடையைப் போல இரண்டு மடங்கு. அதற்கும் மேலே போய்விட்டால் மூன்று மடங்கு.

எங்கள் டிராக்டர் சுமார் 2 டன். டிரெய்லர் இன்னொரு 2 டன். கரும்பு 8 டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 டன். டயர் அளவுக்குப் புதைந்தாலே 12 டன் இழுவை தேவை. இழுக்க வந்த டிராக்டரும் 2 டன்தான். நல்ல காய்ந்த மண்ணில்கூட ஒரு டிராக்டர் தன் எடையில் பாதிக்குத்தான் சுமாராக இழுக்கும். ஈரமண்ணில் அதுவும் கிடையாது. ஆக, கையில் இருப்பது 1 டன். தேவை 12 டன்.

இந்த இடைவெளியைத்தான் நாம் குலுக்கி இழுத்து நிரப்பப் பார்க்கிறோம். ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

கணக்கைத் திருப்பிப் பாருங்கள். கரும்பை இறக்கினால் 12 டன் 4 டன் ஆகிறது. லிங்க் பின்னைக் கழற்றி டிரெய்லரை விட்டுவிட்டால் டிராக்டர் மட்டும் 2 டன். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றை வெட்டி எடுத்துச் சரிவு போட்டுவிட்டால் அதுவும் குறையும். புதைந்த வண்டியும் மெதுவாகத் தன் சக்கரத்தைச் சுற்றினால் அதன் பங்கும் சேரும். இப்போது அந்த 1 டன் போதும். இழுவையைக் கூட்டுவது நம் கையில் இல்லை. தேவையைக் குறைப்பது நம் கையில் இருக்கு. வண்டி எடுக்கும் வேலையில் முக்கால் பங்கு மண்வெட்டி வேலை. கயிறு கடைசிக் கால் பங்குக்குத்தான்.

கயிறு ஏன் ஆளை அடிக்கிறது?

கயிறு சும்மா அறுந்து விழும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இழுபடும் நைலான் கயிறு நீளும். அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்குகூட நீளும். உண்டிவில் ரப்பரை இழுப்பது மாதிரிதான். இழுத்த பலம் முழுக்கக் கயிற்றுக்குள் தங்கியிருக்கு. அறுந்தால், அல்லது கொக்கி விட்டால், அத்தனையும் ஒரு நொடிக்குள் வெளியே வரும். முனையில் இரும்பு இருந்தால் அது கல் மாதிரி பறக்கும்.

1997 அக்டோபர் 25 அன்று தைவான் நாட்டின் தைபே நகரத்தில் ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல் கூடி கயிறு இழுக்கும் போட்டி நடத்தினார்கள். வண்டி இல்லை, எஞ்சின் இல்லை. வெறும் மனிதக் கைகள். கயிறு அறுந்த வேகத்தில் இரண்டு பேருக்குக் கையே துண்டானது. மருத்துவர்கள் பிறகு ஒட்டவைத்தார்கள். மனிதர்கள் இழுத்த கயிற்றுக்கே அந்த வேகம் என்றால் டிராக்டர் இழுக்கும் கயிற்றை யோசித்துப் பாருங்கள்.

குலுக்கி இழுப்பது ஏன் கூடாது என்பதற்கும் கணக்கு இருக்கு. 2 டன் டிராக்டர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவந்து கயிற்றை விறைக்க வைக்கிறது. கயிறு 30 செண்டிமீட்டர் நீண்டு அதை நிறுத்தினால் கயிற்றின் மேல் சராசரியாக இரண்டரை டன் விழும். உச்சத்தில் அதைப் போல இரண்டு பங்கு. கயிற்றுக்குப் பதில் சங்கிலி போட்டால் அது நீளாது. 3 செண்டிமீட்டர்தான் கொடுக்கிறது என்றால் அதே ஓட்டத்துக்குப் பத்து மடங்கு, 25 டன். எந்தக் கொக்கி, எந்தப் பற்று அதைத் தாங்கும்? சங்கிலி அறுவதற்கு முன் முனகவும் செய்யாது.

இன்னொன்றையும் சொல்லணும். இழுக்கும் டிராக்டரை ஓட்டுபவரின் முதுகு கயிற்றைப் பார்த்துத்தான் இருக்கு. லாரி மாதிரி பின்னால் தகடு கிடையாது. புதைந்த வண்டிப் பக்கம் கொக்கி விட்டால் அது நேராக அவர் முதுகுக்குத்தான் வரும். அன்றைக்கு அது சற்று ஒதுங்கி என் மச்சான் காலுக்குப் போனது. பக்கத்துக் கொல்லைக்காரர் பிழைத்தது அதிர்ஷ்டம்.

டிராக்டர் ஏன் பின்னால் கவிழ்கிறது?

இது கயிறு அறுவதைவிட அதிகம் ஆளைக் கொல்லும் விஷயம். எஞ்சின் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் சுற்ற முடியாமல் மாட்டிக்கொண்டால் எஞ்சின் சும்மா இருக்காது. சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் உடம்பை அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரம் மேலே எழும். முக்கால் நொடியில் திரும்ப முடியாத நிலைக்குப் போய்விடும். ஒன்றரை நொடியில் தலைகீழ். "கிளட்ச்சை மிதிச்சிடுவேன்"னு எல்லாரும் சொல்வோம். முன்பக்கம் எழுகிறதை நாம் உணரவே அந்த நேரம் ஆகிவிடும்.

இதில் மூன்று விஷயத்தை மறக்கவே கூடாது.

ஒன்று: இழுக்கும் டிராக்டரில் கயிற்றைக் கீழே இருக்கும் இழுவைத் தட்டில் மட்டும்தான் கட்டணும். டாப் லிங்க்கில் கட்டக் கூடாது. அச்சில் சுற்றக் கூடாது. கலப்பை மாட்டும் கைகளைத் தூக்கி வைத்து அதிலும் கட்டக் கூடாது. கட்டும் இடம் பின் அச்சைவிட உயரமாகப் போனால், கயிறே டிராக்டரைப் பின்னால் மல்லாத்திவிடும்.

இரண்டு: புதைந்த டிராக்டரின் பின்சக்கரத்தில் கட்டையைக் குறுக்கே வைத்துக் கட்டி ஏற்றும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கு. கழனியில் கேஜ் வீல் மாட்டிக்கொண்டால் உடனே ஒரு கட்டையைத் தேடுவோம். கட்டை மண்ணில் ஊன்றிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். சக்கரம் சுற்ற முடியாவிட்டால் உடம்புதான் சுற்றும். தயவு செய்து இதை விட்டுவிடுங்கள்.

மூன்று: முடிந்தவரை வந்த தடத்திலேயே ரிவர்ஸில் எடுங்கள். ரிவர்ஸில் எஞ்சினின் பலம் முன்பக்கத்தைக் கீழே அழுத்தும், தூக்காது. வந்த தடத்தில் மண் ஏற்கனவே அமுங்கி இருப்பதால் எதிர்ப்பும் குறைவு.

ஸ்வீடன் நாட்டில் 1959-லேயே புதிய டிராக்டர்கள் எல்லாவற்றிலும் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். நம் ஊரில் ஓடும் வண்டிகளில் நிழலுக்குத் தகரப் பந்தல்தான் இருக்கு. கவிழ்ந்தால் அது அப்பளம்.

எந்தக் கயிறு?

விலை கேட்டு வாங்குவதைவிடத் தாங்கும் எடை கேட்டு வாங்குங்கள். அறும் எடை என்று போட்டிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தினப்படி வேலைக்கு நம்பணும். முடிச்சுப் போட்டால் கயிறு தன் பலத்தில் பாதியை இழக்கும். அதனால் முனையில் பின்னிய கண்ணி இருக்கிற கயிறோ, தைத்த பெல்ட்டோ வாங்குவது நல்லது.

கண்ணியை மாட்டக் கொக்கி வேண்டாம். திருகு போட்டு மூடும் ஷேக்கிள் போடுங்கள். கொக்கி வாய் திறந்தது. கயிறு தொய்ந்தால் நழுவும், விறைத்தால் விரியும். பட்டறைப் பற்றை நம்பி எதையும் மாட்டாதீர்கள். நான் நம்பினேன்.

வெயிலில் கிடந்து நரைத்த கயிறு, உரசிப் பஞ்சு கிளம்பிய கயிறு, டீசல் ஊறிய கயிறு எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. கன்று கட்டவோ பந்தல் போடவோ வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வடத்தில் ஒரு இழை பிரிந்து நின்றாலும் கையைக் கிழிக்கும், கையுறை வேண்டும். சங்கிலி என்றால் மெதுவான இழுவைக்கு மட்டும். முறுக்கு விழுந்திருக்கக் கூடாது.

நீளம் குறைந்தது 30 அடி இருக்கட்டும். இழுக்கிற வண்டி உளைக்கு வெளியே கெட்டித் தரையில் நிற்கணும் என்பதற்காகவும், ஓட்டுபவர் முதுகு தள்ளி இருக்கணும் என்பதற்காகவும்.

செய்ய வேண்டிய வரிசை

சக்கரம் சறுக்க ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் டிஃபரன்ஷியல் லாக்கை ஒரு தடவை மிதித்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் அதோடு விடுங்கள். ஆக்ஸிலேட்டரை அழுத்தி அழுத்தி நாமே குழி தோண்டிக்கொள்கிறோம். அரைச் சக்கரம் போன வண்டி அச்சு வரை போவது நம் கோபத்தால்தான்.

அடுத்து லோடை இறக்குங்கள். "ஏத்தின கரும்பை எறக்கறதா?"ன்னு ஆள்கள் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கும் அந்தச் சலிப்புதான். வெட்டின கரும்பு காய்ந்தால் எடை போகும், ஆலைக்குப் போய்ச் சேரணும் என்ற அவசரம் வேறு. பிறகு மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்து அந்த லோடை இறக்கத்தான் செய்தோம். இரண்டு மணி நேரம் ஆனது.

டிரெய்லரைக் கழற்றுங்கள். முதலில் டிராக்டர், பிறகு காலி டிரெய்லர். இரண்டையும் ஒன்றாக இழுக்காதீர்கள்.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வெட்டிச் சரிவு போடுங்கள். அச்சுக்கு அடியில் முட்டிக்கொண்டிருக்கும் மண்ணை எடுங்கள். சரிவில் செங்கல் ஜல்லி, கல், பலகை, பனைமட்டை எதையாவது பரப்புங்கள். கரும்புச் சோகையை மட்டும் போட்டால் வழுக்கும். கீழே சோகை, மேலே மட்டை அல்லது பலகை என்று போட்டால் பிடிக்கும். சக்கரம் சுற்றும்போது பலகை பின்னால் பறக்கும். அந்த நேரான கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

இப்போதுதான் கயிறு. இரண்டு வண்டியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கணும். பக்கவாட்டில் இழுத்தால் இழுக்கிற வண்டி சாயும். புதைந்த வண்டியில் சேசிஸோடு சேர்ந்த இழுவைக் கண்ணியில் மட்டும் மாட்டணும். பம்பர், ஸ்டியரிங் ராடு, பிரேக் குழாய் போகும் அச்சு எதிலும் மாட்டக் கூடாது. கயிற்றின் நடுவில் நனைத்த கோணிச் சாக்கு இரண்டைப் போடுங்கள். அறுந்தால் அந்தக் கனம் கயிற்றைக் கீழே தள்ளும். முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் வேகம் குறையும்.

பிறகு ஆள்கள். கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஓட்டுபவர்களைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. 30 அடிக் கயிறு என்றால் 45 அடி. பக்கவாட்டிலும்தான். குழந்தைகள் வேடிக்கை பார்க்க ஓடி வருவார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் சாவியைத் திருப்பணும். விறைத்த கயிற்றை யாரும் தாண்டக் கூடாது. மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது.

சைகை காட்ட ஒரே ஒருவர். பத்துப் பேர் கத்தினால் ஓட்டுபவர் கடைசியாகக் காதில் விழுந்ததைச் செய்வார். அந்த ஒருவர் கையைத் தூக்கினால் நிற்கணும். யார் கையைத் தூக்கினாலும் நிற்கணும்.

முதல் கியரில், கயிறு மெதுவாக விறைக்கும் வரை நகருங்கள். நின்று ஒரு தடவை கட்டைப் பாருங்கள். பிறகு ஒரே சீராக இழுங்கள். முன்சக்கரம் லேசாக எழுந்தாலோ, சக்கரம் சறுக்கினாலோ விட்டுவிடுங்கள். மீண்டும் மண்வெட்டி. குலுக்கல் வேண்டாம், ஓட்டம் வேண்டாம்.

அப்பவும் வராவிட்டால் கப்பி போடலாம். கயிற்றின் ஒரு முனையை ஒரு பெரிய மரத்தின் அடியில், வேரை ஒட்டிக் கட்டி, புதைந்த வண்டியில் மாட்டிய கப்பி வழியாகத் திருப்பி டிராக்டருக்குக் கொண்டுவந்தால் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எடை தாங்கும் கப்பி வேண்டும். கிணற்றுக் கப்பி ஆகாது. அதற்கும் வசதி இல்லையா? மறுநாள் வரை காத்திருங்கள். வண்டி எங்கேயும் ஓடிப்போகாது.

மலைப்பாதையில்

கல்வராயன் மலையில் மரவள்ளி லோடு ஏற்றி வரும் வண்டிகள் மழைக்காலத்தில் மண்பாதையில் மாட்டுவதுண்டு. அங்கே சேற்றோடு சரிவும் சேர்கிறது. கயிறு விட்டால் வண்டி பின்னால் உருளும். அதனால் இழுக்கத் தொடங்கும் முன்பே புதைந்த வண்டியின் சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் முட்டுக்கட்டை இருக்கணும். கோயில் தேர் இழுக்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும் தேரைக் கட்டுப்படுத்துவது அந்தச் சில பேர்தான். நம் வண்டிக்கும் அதே முறைதான். ஒரு சின்ன வித்தியாசம்: கட்டையைக் கையால் தள்ளக் கூடாது. நீளமான கழியின் முனையில் ஆணி அடித்துப் பொருத்தி, தள்ளி நின்று வைக்கணும். வண்டிக்குக் கீழ்ச்சரிவில் யாரும் நிற்கக் கூடாது.

வண்டி புதையாமல் இருக்க

கடைசியாக, நம் இயற்கை வேளாண்மைக்குச் சொந்தமான பேச்சு. வண்டி புதைகிற அளவுக்கு ஈரமான நிலத்தில் வண்டி இறக்கினதே முதல் தப்பு. புதைந்தது வெளியே தெரிகிறது. புதையாமல் போன இடத்திலும் மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் போகும் துளைகள் நசுங்கியிருக்கும். ஒரு அச்சின் மேல் 10 டன்னுக்கு மேல் கனம் ஏறினால் உழவு ஆழத்துக்கும் கீழே மண் இறுகும். அதை எந்தக் கலப்பையும் எளிதில் சரிசெய்யாது. மண்புழுவும் வேரும் வருடக்கணக்கில் வேலை செய்யணும்.

நிலம் வண்டிக்குத் தயாரா என்று பார்க்க ஒரு சோதனை. மேல்மண்ணை நம்பாதீர்கள். ஒரு அடி தோண்டிக் கீழ்மண்ணை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். கயிறு மாதிரி நீளமாகத் திரண்டால் வண்டி இறங்கக் கூடாது. உதிர்ந்தால் இறங்கலாம். அன்றைக்கு நான் காலால் மிதித்துப் பார்த்தேனே தவிர, ஒரு அடி தோண்டவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் கொல்லையின் மேட்டுப் பக்கமாக ஒரு வண்டித்தடம் ஒதுக்கிவிட்டோம். ஜல்லி போட்டு, வருடம் முழுக்க வண்டி அதில் மட்டும்தான். கரும்பைக் கட்டுக்கட்டாகத் தலையில் கொண்டுவந்து தடத்தில் ஏற்றுகிறோம். கூலி கொஞ்சம் கூடுதல். சோகையை எரிக்காமல் பரப்பி மூடாக்குப் போடுவதால் மண் பொலபொலப்பாகி, மழை நின்றதும் முன்பைவிடச் சீக்கிரம் வடிகிறது.

வண்டிக்கொட்டகையில் இப்போது ஒரு புதுக் கயிறு, இரண்டு ஷேக்கிள், இரண்டு கோணிச் சாக்கு, நான்கு முட்டுக்கட்டை, ஒரு மண்வெட்டி ஒன்றாகத் தொங்குகிறது. ஊரில் யார் வண்டி மாட்டினாலும் எடுத்துப் போகலாம். ஒரே நிபந்தனை, மண்வெட்டியையும் சேர்த்துத்தான் கொடுப்போம். கொடுக்கிறவன் என் மச்சான். கயிற்றைக் கையில் தருவதற்கு முன் வேட்டியை முழங்கால் வரை தூக்கித் தழும்பைக் காட்டுவான். அவன் வேறு எதுவும் சொல்வதில்லை.

உங்கள் ஊரிலும் நான்கைந்து பேர் சேர்ந்து இப்படி ஒரு கயிறு வாங்கி வையுங்கள். அடுத்த மழைக்கு முன்னாடியே வாங்குங்கள்.